ஒரு முழக் கப்பலுக்கு ஒன்பது பூச்சு

1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். மேற்கே மேகம் கட்டியிருந்தது. கடற்காற்று இன்னும் வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற புழுக்கம். நானும் என் தாய்மாமாவும் வெள்ளிப் பெயின்ட் வாங்குவதற்காக ராயபுரத்திலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு நடந்துகொண்டிருந்தோம். எனக்கு வயது பத்து. எங்கள் வீட்டு வாசலிலிருந்து கடை வாசல்வரை என் கால்களுக்கு இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு எட்டு. மாமாவின் கால்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். எண்ணாமல் ஒரு மனிதர் அவ்வளவு தூரம் எப்படி நடக்கிறார் என்பது எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

வானிலையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உலோக நிறம் தெளிக்கிறவனுக்குக் காற்றைப் போலத் தொல்லை கொடுப்பது வேறில்லை. இன்று அறுபத்தெட்டு வயதில், தண்டையார்பேட்டை அடுக்குமாடி ஒன்றில், பால்கனியை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து சின்னஞ்சிறு கப்பல் மாதிரிகளுக்கு ஏர்பிரஷ்ஷால் பெயின்ட் தெளித்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்றபின் முடித்தவை முப்பத்தொன்று. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று வந்தால் சாம்பல் தூசி ஈரப் பூச்சின்மேல் உட்காருகிறது. துறைமுகப் பக்கமிருந்து வந்தால் உப்பும் ஈரமும். எந்தப் பக்கமிருந்தும் வராவிட்டால் ஏர்பிரஷ்ஷின் ஊசி முனையிலேயே பெயின்ட் காய்ந்து அடைத்துக்கொள்கிறது.

மேசையில் வெள்ளி நிறத்தில் மட்டும் ஏழு புட்டிகள் இருக்கின்றன. எல்லாம் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக். சில்வர், அலுமினியம், ஸ்டீல், குரோம் என்று விதவிதமாகப் பெயர் போட்டிருக்கிறார்கள். உள்ளே கிடக்கும் உலோகத் தூள் எவ்வளவு பொடியானது என்று ஒரு புட்டியிலும் போடவில்லை. வாங்குகிறவனுக்கு வேண்டிய ஒரே தகவல் அதுதான். எனவே ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கரண்டிகளில் தெளித்து, எத்தனை சொட்டு நீர், என்ன அழுத்தம், எத்தனை பூச்சு என்று கரண்டியின் காம்பில் எழுதி வைக்கிறேன். இதுவரை நாற்பத்திரண்டு கரண்டிகள். பேத்தி ஐஸ்கிரீமுக்குக் கேட்டால்கூடக் கொடுப்பதில்லை. ஏழில் இரண்டுதான் தேறின. மற்ற ஐந்தும் நன்றாகத்தான் மின்னுகின்றன. ஆனால் பொடிப் பொடியாக மின்னுகின்றன. ஒரு கப்பலை நூறில் ஒரு பங்காகச் சுருக்கும்போது பெயின்ட்டின் தூளும் சுருங்க வேண்டாமா? சுருங்காவிட்டால் அது கப்பல் இல்லை, சரிகைத் துணி போர்த்திய சோப்புப் பெட்டி.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான்.

அப்பா துறைமுகத்தில் ஓர் இழுவைக் கப்பலில் இஞ்சின் பார்த்தவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி உள்ளே கொண்டுவந்து, பிறகு வெளியே கொண்டுபோய் விடுகிற சின்னக் கப்பல் அது. முந்தைய வருஷத்துப் புயலில் வெளியே போனது, ஓர் இரவு முழுவதும், மறுநாள் மதியம்வரையும் திரும்பவில்லை. அம்மா கடற்கரையில் நின்று, தெருப் பெண்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். அவர் உயிரோடு வந்தால் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளிக் கப்பல். அதைக் கொடுக்கும்வரை வீட்டில் மீன் கிடையாது.

எங்கள் கோயிலில் வெள்ளியில் கை, கால், கண் காணிக்கை கொடுப்பது வழக்கம். கடலுக்குப் போகிறவர்கள் படகு கொடுப்பார்கள். எல்லாம் சுண்டுவிரல் நீளத்துக்குள் இருக்கும். முழக்கணக்கில் யாரும் நேர்ந்துகொண்டதில்லை. அம்மா பயத்தில் நீளத்தைச் சொல்லிவிட்டாள். கேட்டவர்கள் பதினான்கு பேர்.

அப்பா வந்துவிட்டார். ஒரு முழக் கப்பலுக்கு எவ்வளவு வெள்ளி பிடிக்கும் என்று ஆசாரி சொன்னதைக் கேட்டதும், "இதுக்கு நானு வராமயே இருந்திருக்கலாம்" என்றார். அம்மா அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு எங்கள் வீட்டில் மீன் நின்று முந்நூற்று நான்கு நாள். இரண்டு பக்கத்து வீடுகளிலும் மீன் வறுப்பார்கள். நடுவில் நாங்கள் கத்திரிக்காய் சாப்பிடுவோம். ஆனால் மீன் சின்னக் கஷ்டம்தான். பெரிய கஷ்டம் அம்மாவுடையது. சொன்னதைக் கொடுக்காதவரை அப்பா முழுசாகத் திரும்பி வரவில்லை என்று அவள் நினைத்தாள். கொஞ்சம் வேகமாகக் காற்று அடித்தால் வாசலுக்கு வந்து நிற்பாள். செப்டம்பர் எட்டு மாதா திருநாள். அதை விட்டால் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். மறுபடி புயல் வரும். நேர்ச்சை பாக்கியோடு அப்பா மறுபடி வெளியே போவார். அந்தத் திருநாளுக்குள் கப்பல் கோயிலுக்குப் போயாக வேண்டும்.

அப்போதுதான் மாமா ஒரு யோசனை சொன்னார். அவர் தண்டையார்பேட்டையில் ஒரு தகரப் பட்டறையில் புனலும் மண்ணெண்ணெய் டப்பாவும் செய்துகொண்டிருந்தார். அப்பாவின் கப்பலையே சின்னதாகத் தகரத்தில் செய்து வெள்ளி பூசிக் கொடுத்துவிடலாம் என்றார். அப்பா கப்பலின் நீளம் எழுபத்திரண்டு அடி. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்தால் பதினெட்டு அங்குலம், அதாவது சரியாக ஒரு முழம். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவன் நான். அன்றிலிருந்து மாமா என்னைக் கணக்குப்புள்ள என்று கூப்பிடத் தொடங்கினார்.

அம்மா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மாதா கைல வெச்சா வழவழன்னு இர்க்கணும்டா. மணல் மாரி ஒரு பொட்டு தெரிஞ்சாலும் நான் எடுத்துகினு போவமாட்டேன்" என்றாள்.

மாமா ஐந்து மாதம் தட்டினார். புகைபோக்கி, கயிறு மாட்டும் கொக்கி, பக்கத்துக்கு ஏழு வட்ட ஜன்னல், இஞ்சின் அறைக்கு இறங்கும் மூடி, உடம்பெல்லாம் ஆணி முனையால் குத்தி எடுத்த அறுநூற்று நாற்பது தரையாணி, அதாவது ரிவெட், புள்ளிகள். பாக்கி இருந்தது பெயின்ட் ஒன்றுதான்.

வண்ணாரப்பேட்டைக் கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைத் தாடி, அதில் ஒரு பக்கம் எப்போதும் ஏதோ ஒரு நிறம் ஒட்டியிருக்கும். மாமா விஷயத்தைச் சொன்னதும் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார்.

"இது கொருக்குப்பேட்ட எண்ணெ டேங்குக்கு அடிக்கிறது. தூரத்துல பாத்தா சூப்பரா இர்க்கும். உங்க கப்பல எவ்ளோ தூரத்துல வெச்சுப் பாப்பாங்கோ?"

"முட்டி போட்டு மூணு அடில" என்றார் மாமா.

பாய் அந்த டப்பாவை உள்ளே தள்ளிவிட்டார். இரண்டாவது, தேருக்கும் சப்பரத்துக்கும் பூசுகிற வெள்ளித் தூள்; வார்னிஷில் கலந்து பூச வேண்டும். மூன்றாவது சின்ன டப்பா. உள்ளே களிம்பு மாதிரி இருந்தது. கார் சக்கரத்து வளையத்துக்கு அடிக்கிறது, அவுன்ஸ் கணக்கில்தான் தருவேன் என்றார்.

"தம்பி, கைய நீட்டு" என்று சொல்லி என் இடது கையின் மூன்று நகங்களில் மூன்றையும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். "வெளிச்சத்துல திருப்பிப் பாரு. பொடிப் பொடியா மின்னிச்சுன்னா வேணாம். ஒரே தகடா மின்னிச்சுன்னா எடு."

நான் வாசலுக்குப் போய்த் திருப்பிப் பார்த்தேன். முதல் நகத்தில் முப்பதுவரை எண்ணி விட்டுவிட்டேன். இரண்டாவதில் பதினொன்று. மூன்றாவதில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. நகமே உலோகமாகிவிட்டது போலிருந்தது. ஏழு புட்டிகளையும் நான் இன்றும் முதலில் பார்ப்பது அதே இடது கை நகத்தில்தான். கரண்டி அதற்குப் பிறகுதான்.

"மூணாவது" என்றேன்.

"புள்ளைக்குக் கண்ணு கீது" என்றார் பாய். பிறகு மாமாவிடம், "இத பிரஷ்ஷால பூசாத. கோடு கோடா நிக்கும். தெளிக்கணும். அதுக்கு முன்னால கீழ கர்ப்பு அடி. மூஞ்சி பாத்து சீவிக்கற மாரி பளபளன்னு கர்ப்பு. அப்பால இது."

"மாதாவுக்குக் கர்ப்பா பாய்?"

"மாதாவுக்கு எங்க அடிக்க சொன்னேன்? கப்பலுக்கு அடிக்க சொன்னேன்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை இன்று என் கரண்டிகள் சொல்லும். உலோகத் தூள் என்பது உண்மையில் தூள் இல்லை, மிகச் சின்னத் தகடுகள். படுக்கிற இடம் வழவழப்பாக இருந்தால் எல்லாம் ஒரே மட்டமாகப் படுத்துக் கண்ணாடியாகிவிடும். மேடு பள்ளமாக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து சாம்பலாகிவிடும். கறுப்பு அடியில் இருந்தால் வெள்ளிக்கு ஆழம் கிடைக்கும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் தெரியாது. இரண்டு அவுன்ஸ் வெள்ளியும், அரை டப்பா கறுப்பும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அன்று மாலையே மாமா எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கப்பலுக்குக் கறுப்பு அடித்து, கவிழ்த்த கூடைமேல் காய வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அம்மா துணி உலர்த்த மாடிக்குப் போனாள். அங்கே கூடைமேல் தலையிலிருந்து கால்வரை கறுப்பாக, பிணப்பெட்டி போலப் பளபளத்துக்கொண்டு அப்பாவின் கப்பல் நின்றுகொண்டிருந்தது.

இறங்கி வந்தவள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஆறு மணிக்குப் பணிக்குப் போக வேண்டிய அப்பா வாசலில் நின்றார். என்னை அனுப்பி மாமாவைக் கூட்டி வரச் சொன்னார்கள்.

"கர்ப்புக் கப்பல யார்றா கேட்டா?" என்றாள் அம்மா.

"அக்கா, அது அடிப் பூச்சு. பாய்தான் சொன்னாரு."

"பாய்க்கு மாதாவப் பத்தி இன்னாடா தெரியும்?"

"மாதாவப் பத்தி தெரியாது. பெயின்ட்டப் பத்தி தெரியும்."

"நெசக் கப்பலும் கர்ப்புதான்டி" என்றார் அப்பா வாசலிலிருந்து. "பதிமூணு வர்சமா அதுலதான் வேல பாத்துகினு கீறேன்."

"அது தண்ணிக்குப் போறது. இது மாதாகிட்டப் போறது. கர்ப்பு பூசி கோயிலுக்குத் தூக்கிகினு போறது எந்தப் பொட்டியன்னு உங்களுக்குத் தெரியாதா?" இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. பிறகு நிமிர்ந்து, "புதங்கெழம வெளக்கு வெக்கறதுக்குள்ள கர்ப்பு ஒரு பொட்டுத் தெரியக்கூடாது. தெரிஞ்சுது, நானே தூக்கிகினு போயி கடல்ல போட்டுருவேன்" என்றாள். சாப்பாட்டுத் தூக்கு வெளியே வந்தது. அப்பா இருபது நிமிடம் தாமதமாகப் போனார்.

அன்று மாலை முதல் முயற்சி. தெளிக்கிற கருவி என்று எங்களிடம் இருந்தது மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கும் கைப்பம்பு ஒன்றுதான். மாமா அதை மண்ணெண்ணெயில் கழுவினார், பெயின்ட்டை ஊற்றினார், அடித்தார். மருந்தின் எண்ணெய் பம்பின் வயிற்றில் எங்கேயோ மிச்சமிருந்திருக்கிறது. கப்பலில் விழுந்த வெள்ளி, விழுந்த இடத்தில் நிற்காமல் விலகி விலகி ஓடியது. ஓடிய இடத்திலெல்லாம் வட்ட வட்டமாகக் கறுப்புக் கண்கள். அறுபத்து மூன்று கண்கள் எங்களைப் பார்த்தன.

"எண்ணாதடா" என்றார் மாமா.

தின்னரால் துடைத்தபோது வெள்ளியோடு கறுப்பும் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மறுபடி கறுப்பு. இரண்டு அவுன்ஸில் ஓர் அவுன்ஸ் வெள்ளிதான் மிச்சம். மறுபடி வாங்கப் பணமும் இல்லை, நாளும் இல்லை. இனி ஒருமுறைதான்.

புதன்கிழமை மாமா பட்டறையிலிருந்து ஒரு சின்னச் சாமானைச் செய்து எடுத்து வந்தார். பென்சில் ஈயம் நுழைகிற அளவுக்கு இரண்டு தகரக் குழாய்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பற்றவைத்தது. ஒன்றைப் பெயின்ட்டில் நிறுத்தி மற்றதை வாயால் ஊதினால் பெயின்ட் புகை மாதிரி கிளம்பியது. இன்று என் மேசையில் இருக்கிற ஏர்பிரஷ்ஷின் வேலையும் இதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் மாமா பதினான்கு ஊது ஊதியதும் தின்னர் வாசனையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். போதாக்குறைக்கு எச்சில் தெறித்துக் கப்பலின் மூக்கில் இரண்டு புள்ளி விழுந்தது. மணி நாலே முக்கால். விளக்கு வைக்க ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது.

அப்போது அப்பா பணி முடிந்து வந்தார். மாடிக்கு வந்து நிலைமையைப் பார்த்தார். நேர்ச்சை என்றாலே கேலி பேசியவர், விறுவிறுவென்று இறங்கிப் போனார். திரும்பி வரும்போது தோளில் ஒரு லாரி ட்யூப் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் படகு இல்லாதவர்கள் அந்த ட்யூபின்மேல் உட்கார்ந்து கடலில் மிதந்து மீன் பிடிப்பார்கள். அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை இழுத்து மாமாவின் தகரக் குழாயில் செருகி, குழாயை விரலால் மடக்கிக்கொண்டு, ட்யூபின்மேல் உட்கார்ந்தார்.

"இப்ப அடி" என்றார்.

எழுபது கிலோ அப்பா ஒரே சீராகக் காற்று கொடுத்தார். மாமா எச்சில் புள்ளிகளைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு சாண் தூரத்தில் குழாயைப் பிடித்து, கப்பலின் மூக்கிலிருந்து வால்வரை நிற்காமல் கொண்டுபோனார். நான் எண்ணினேன். ஒரு பூச்சு முடிந்ததும் முந்நூறுவரை எண்ணுவது, பிறகு அடுத்தது. இடையில் நானும் அப்பாவும் சைக்கிள் பம்பால் ட்யூபை மறுபடி ஊதினோம்.

அம்மா மேலே வந்து மாடிப்படியில் நின்றாள். முதல் பூச்சில் ஒன்றுமே தெரியவில்லை. கறுப்பின்மேல் பனி விழுந்தது போல ஒரு மங்கல். இரண்டாவது இன்னும் மோசம்.

"பேய் மாரி கீதே மச்சான்" என்றார் அப்பா.

"நீ குந்துற வேலைய மட்டும் பாரு மச்சான்."

நாலாவது பூச்சில் கறுப்பு பின்வாங்கியது. ஆறாவதில் தரையாணிப் புள்ளிகள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வெளிச்சம் வந்தது. எட்டாவதில் அப்பா நெளிந்தார்.

"எழுந்திராத, காத்து போயிரும்" என்றார் மாமா.

"ஒண்ணுக்கு வர்துடா."

"ஒரே ஒரு பூச்சு. புடிச்சுக்க."

"புயல்ல கூட இவ்ளோ நேரம் புடிச்சதில்லடா நானு."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நான் பயந்து பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். முந்நூற்று ஏழு நாளில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

ஒன்பதாவது பூச்சு ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு முடிந்தது. அப்பா ஓடினார். அம்மா விளக்கை எடுத்து வந்து, கப்பலைச் சுற்றி முழுவதும் குனிந்து பார்த்தாள். தொடவில்லை. "மணல் தெரியல" என்றாள்.

இங்கே கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரு கவலை வந்துவிட்டது. அது இவ்வளவு வழவழப்பாக வந்துவிட்டதுதான் கவலை. யார் பார்த்தாலும் வெள்ளி என்றுதான் நினைப்பார்கள். மாதாவும் அப்படித்தான் நினைப்பார். அந்தப் பெயின்ட்டைத் தேர்ந்தெடுத்தவன் நான். வியாழக்கிழமை மாலை, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியாரிடம் சொன்னேன்.

"சாமி, நாங்க மாதாவ ஏமாத்தறோம்."

"எத்தனை முறை?" என்றார், எல்லோரிடமும் கேட்பதுபோல.

"ஒம்போது பூச்சு சாமி. கர்ப்பு ரெண்டு தனி."

தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு முழு விவரமும் கேட்டார். சொன்னேன்.

"இது தகரம் என்று உன் அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் சாமி. மாதாவுக்குத்தான் தெரியாது."

சாமியாருக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, ஐந்து மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார். நான் பூச்சுக்கு ஒன்றாகப் பதினொன்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும் நேரம். அம்மா புதுச் சேலை கட்டியிருந்தாள். கப்பல் பலகைமேல் இருந்தது. அதைத் தூக்குவதற்கு முன்னால் மாமாவிடம், "இவுரு நிக்கற எடம் எது?" என்று கேட்டாள். மாமா இஞ்சின் அறை மூடியைக் காட்டினார். அப்பா பணிக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா அவர் நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டு அனுப்புவாள். அதே சிலுவையை அந்த மூடியின்மேல் போட்டாள், மேலிருந்து கீழ் ஒன்று, குறுக்கே ஒன்று, நன்றாக அழுத்தி.

மேல் பூச்சு ஏதும் போடாத உலோக நிறத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. இதை நான் யாருக்கும் சொல்லத் தயங்கியதில்லை. ஆனால் அன்று சொல்வதற்குள் நடந்துவிட்டது. ஒரு மணல் இல்லாத, ஒரு கோடு இல்லாத வெள்ளியின்மேல் சாம்பல் நிறத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கட்டைவிரல் தடம், ரேகை உட்பட. நான் கத்திவிட்டேன். "இன்னொரு பூச்சு அடிக்கணும் மாமா." மாமா என் தலையில் கை வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

கோயிலில் காணிக்கைப் பொருள்களை எழுதிக்கொள்ளும் கோயில்பிள்ளை நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பொருளு?"

"கப்பல்."

"வெள்ளியா?"

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கொஞ்சமும் தயங்காமல், பின்னால் நின்ற பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "தகரம். மேல வெள்ளிப் பெயின்ட். ஒம்போது பூச்சு" என்றாள். பெருமையாகவே சொன்னாள்.

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு பெண், புயலன்று கடற்கரையில் நின்ற பதினான்கு பேரில் ஒருத்தி, முன்னால் வந்தாள். "மொழம் சரியா கீதாடி?" என்று கேட்டுத் தன் முழங்கையைக் கப்பலின் பக்கத்தில் வைத்து அளந்தாள். மூக்கு நடுவிரலைத் தொட்டது. "கரீட்டா கீது" என்று சொல்லிவிட்டு வழிவிட்டாள். எல்லோருக்கும் திருப்தி. வெள்ளியை ஒருவரும் மறுபடி கேட்கவில்லை. பதினொரு ஜெபம் வீணாகிவிட்டதே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குச் சங்கரா மீன் வறுவலும் குழம்பும். அப்பா ஒன்பது துண்டு, மாமா எட்டு, நான் ஐந்து. அம்மா எத்தனை என்று எண்ண முடியவில்லை. பரிமாறிக்கொண்டே நின்றபடி சாப்பிட்டாள். நடுவில் வெளியே காற்று அடித்துக் கதவு சாத்திக்கொண்டது. அவள் வாசலுக்குப் போய் நிற்கவில்லை. காலால் கதவைத் தள்ளி ஒரு செங்கல்லை வைத்துவிட்டு அப்பாவின் தட்டில் இன்னொரு துண்டு போட்டாள்.

எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். என்னைத் தவிர. கப்பலைக் கோயிலில் மாதாவின் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அந்தத் தடம் முன்பக்கம் பார்த்தபடி இருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் என் உண்டியலை உடைத்து, இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் எட்டும் தனியாக நடந்து பாயிடம் போனேன். அரை அவுன்ஸ் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதையும், மாமாவின் தகரக் குழாயையும் எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போய் அலமாரியைத் திறந்துவிடச் சொன்னேன்.

சாமியார் சாவியோடு வந்தார். ஆனால் திறக்காமல் கண்ணாடிக்கு வெளியே நின்று குனிந்து பார்த்தார்.

"இது யாருடைய விரல்?"

"அம்மாவுது சாமி. தெரியாம தொட்டுட்டாங்க."

"எந்த இடம் இது?"

"இஞ்சின் ரூம் மூடி. எங்கப்பா அதுக்குக் கீழதான் இருப்பாரு."

அவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு சாவியை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இதற்கு மேல் பெயின்ட் வேண்டாம்" என்றார்.

"கொஞ்சம்தான் சாமி. ஒண்ணரை அங்குலத்துக்கு ஒண்ணரை அங்குலம். நான் சரியா கணக்குப் போட்டுட்டேன்."

"உன் கணக்கு சரியாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

கணக்கு சரி என்றால் ஏன் திறக்க மாட்டேன் என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டில் அம்மாவிடம் முறையிட்டேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அரிசி களையப் போனாள். மாமாவிடம் கேட்டேன், "வுடுடா கணக்குப்புள்ள" என்றார். ஒரு முழக் கப்பலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் என்றும், அதை அழிக்கத்தான் நான் அவ்வளவு தூரம் போய் வந்தேன் என்றும் தெரிய எனக்கு வெகுகாலம் பிடித்தது. அந்த அரை அவுன்ஸ் வெள்ளி புட்டியிலேயே காய்ந்து கல்லாகிவிட்டது. எனக்கு ஆன செலவு ஒரு ரூபாய் எழுபத்தைந்து பைசா.